சோப்புக் குமிழியும் உதட்டுத் தசையும்

சோப்புக் கரைசலில் வளையத்தைத் தோய்த்து ஊதினால் குமிழி பறக்கிறது. உறிஞ்சுகுழலை வாயில் வைத்து இழுத்தால் இளநீர் மேலேறி வருகிறது. அப்போது உங்கள் உதடும் கன்னமும் நாக்கும் என்ன வேலை செய்கின்றன என்று கவனித்ததுண்டா? நமக்கு இவை விளையாட்டு. சில குழந்தைகளுக்கோ, பாடுபட்டுக் கற்க வேண்டிய வித்தை. காரணம் என்ன?

தசைத் தொனி

நாம் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதும் நம் தசைகள் முழுவதும் தளர்ந்துவிடுவதில்லை. இலேசான இழுப்புடனேயே இருக்கின்றன. இதற்குத் தசைத் தொனி என்று பெயர். சுருதி சேர்த்த வீணைத் தந்தி மீட்டியவுடன் ஒலிக்கும். தொய்ந்த தந்தியை முதலில் முறுக்கியாக வேண்டும். தொனி குறைந்த தசையும் அப்படித்தான். ஒரு வேலையைத் தொடங்குமுன் தன் தொய்வை நீக்கிக்கொள்ள அது கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது.

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே தொனி குறைவாக இருக்கும். இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று டவுன் நோய்க்குறி. 1866இல் ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவர் இதை விவரித்தார். இக்குழந்தைகளின் செல்களில் 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதை 1959இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

முகத்தில் தொனி குறைந்தால் உதடுகள் மூடி நிற்பதில்லை, எச்சில் வழிகிறது. எச்சில் அதிகமாகச் சுரப்பதால் பெரும்பாலும் இப்படி நேர்வதில்லை. உதடு மூடாததும் அடிக்கடி விழுங்காததுமே காரணம். இதைக் கண்டு அக்குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. உறக்கத்தில் நம் எல்லோருக்கும் தசைத் தொனி குறைகிறது. பேருந்தில் உறங்கும் பேராசிரியரின் வாயும் திறந்துதான் கிடக்கும்!

வாய் ஓர் அடிபம்பு

உறிஞ்சும்போது வாய் அடிபம்பு போல இயங்குகிறது. பின்னுக்குச் செல்லும் நாக்கு பிஸ்டன். கன்னங்கள் உருளையின் சுவர். குழலைக் கவ்வும் உதடுகள் வாஷர். வாயினுள் அழுத்தம் குறைய, வெளியிலுள்ள வளிமண்டல அழுத்தம் நீரை மேலே தள்ளுகிறது. வாஷர் தேய்ந்த பம்பில் தண்ணீர் ஏறுமா? உதடு இறுக மூடாவிட்டால் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். கன்னம் குழிந்தாலும் பாதி முயற்சி வீண்தான்.

ஊதும்போதும் இதே கதை. உதட்டின் ஓரத்தில் காற்று கசியலாம். உள்நாக்குப் பகுதி சரியாக மூடாவிட்டால் மூக்கு வழியாகவும் தப்பலாம். கன்னம் உப்பிவிடாமல் தாங்கும் தசையின் லத்தீன் பெயருக்கு, 'ஊதுகொம்பு வாசிப்பவர்' என்று பொருள்!

நீங்களே அளந்து பாருங்கள்

உயரமான கண்ணாடித் தம்ளரில் 10 செ.மீ. அளவு நீர் ஊற்றுங்கள். உறிஞ்சுகுழலின் அடியிலிருந்து ஒவ்வொரு செ.மீ.க்கும் மையால் கோடிடுங்கள். குழலை 2 செ.மீ. ஆழத்தில் பிடித்து ஊதுங்கள். குமிழி எழ வேண்டுமானால் 2 செ.மீ. நீரின் அழுத்தத்தை, அதாவது ஏறத்தாழ 200 பாஸ்கலை, உங்கள் மூச்சு வெல்ல வேண்டும். 8 செ.மீ. ஆழத்தில் 800 பாஸ்கல். இப்போது உதடுகளைச் சற்றுத் தளர்த்திக்கொண்டு மீண்டும் ஊதுங்கள். குமிழி எழுகிறதா? அக்குழந்தையின் சிரமம் உங்களுக்கு இப்போது புரியும்.

1 செ.மீ. ஆரமுள்ள வளையத்தில் சோப்புக் குமிழி ஊத ஏறத்தாழ 10 பாஸ்கல், அதாவது 1 மி.மீ. நீரின் அழுத்தம், போதும். ஆகவே மேசையில் பஞ்சுருண்டையை ஊதித் தள்ளுவது, சோப்புக் குமிழி, தம்ளரில் 1 செ.மீ. ஆழம், பிறகு 2 செ.மீ. என்று விளையாட்டைப் படிப்படியாக உயர்த்தலாம். கண்ணாடி முன் நின்று உதட்டைக் குவித்து 'ஊ' என்றும், விரித்து 'ஈ' என்றும் மாறி மாறிச் சொல்வதும் நல்ல விளையாட்டே.

உறிஞ்சுகுழலில் மட்டும் எச்சரிக்கை தேவை. சீராக ஓடும் திரவத்துக்கு ஒரு விதி உண்டு: மற்றவை மாறாதபோது, குழலின் விட்டம் இருமடங்கானால் பாயும் அளவு 16 மடங்காகும். 'அகலமான குழல் எளிது' என்று கொடுத்தால் திரவம் தொண்டைக்குள் திடீரெனப் பாய்ந்து புரையேறலாம். எந்தக் குழல், எந்தப் பானம் என்பதை, குழந்தை விழுங்குவதைப் பரிசோதித்த மருத்துவரோ பேச்சுப் பயிற்சியாளரோதான் சொல்ல வேண்டும். ஊதாத பலூனும் கிழிந்த பலூனும் மூச்சை அடைத்துவிடும். சிறு குழந்தைகளிடம் தரக்கூடாது. சோப்புக் கரைசலைக் குழல்வழி ஊத வைக்கவும் வேண்டாம், உறிஞ்சிவிடக்கூடும்.

பேச்சு வருமா?

ஊதினால் பேச்சு திருந்தும் என்று பலர் நம்புகிறார்கள். ஊதும் பயிற்சி மட்டுமே பேச்சைத் திருத்தும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. நீந்தக் கற்க நீரில்தான் இறங்க வேண்டும். பேசக் கற்கப் பேசித்தான் பழக வேண்டும். ஊதும் விளையாட்டால் வேறு பயன் உண்டு. குழந்தை உதட்டைக் குவிக்கிறது, மூச்சை அளந்து விடுகிறது, தன் முறை வரும்வரை காத்திருக்கிறது. 'ஊது', 'இன்னும்', 'போச்சு' என்று சொல்ல நூறு வாய்ப்புகள் கிடைக்கின்றன. அந்தச் சொற்களுக்கு எதிரில் ஓர் ஆள் வேண்டுமே!

உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு குழந்தை இருந்தால், பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு சோப்புக் கரைசலுடன் போய் உட்காருங்கள். நீங்கள் ஒரு முறை ஊதுங்கள். பிறகு பொறுமையாகக் காத்திருங்கள். அவன் உதடு குவிய நேரமாகும். 10 பாஸ்கல்தானே என்று எண்ணாதீர்கள். அவனுக்கு அது எவ்வளவு என்பது, உதட்டைத் தளர்த்தி ஊதிப் பார்த்த உங்களுக்குத் தெரியும்.