தோட்டக் கருவி வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க வீட்டு மண்ணைப் பாருங்க

ஆன்லைனில் 'கார்டனிங் டூல் செட்' என்று தேடினால், ஒரு கைப்பெட்டிக்குள் பத்துப் பொருள்கள் அடுக்கிய படம் வரும். குட்டிக் கரண்டி, குட்டி முள்கரண்டி, கத்தரிக்கோல், பூப்போட்ட கையுறை. பால்கனியில் நாலு தொட்டி வைத்திருப்பவருக்கு அது போதும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் வெண்டை, கத்தரி, கங்கோங் போடலாம் என்று இறங்குபவருக்குப் போதாது. இறுகிய மண்ணில் அந்தக் கரண்டியைக் குத்தி நெம்பினால், முதல் வாரமே கழுத்தில் வளைந்துவிடும்.

அப்படியானால் எதை வாங்குவது? ஜோகூரில் இந்தக் கேள்விக்கு வட்டாரத்துக்கு ஒரு பதில் உண்டு.

ஊருக்கு ஒரு மண்

மலேசியாவின் மண் வகைகளுக்கு ஊர்ப் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். அதில் ஜோகூர் ஊர்கள் பல: ரெங்கம், சிகாமட், கூலாய், பத்து அனாம். ரெங்கம் மண் கிரானைட் பாறை சிதைந்து உருவானது. களியோடு பரும்மணலும் கலந்திருக்கும். சிகாமட் மண் எரிமலைப் பாறையிலிருந்து வந்த ஆழமான செம்மண். களி அதிகம்தான், ஆனால் பொலபொலவென்று உதிரும், வெட்டச் சுகமாக இருக்கும். அதே மாவட்டத்தின் பத்து அனாம் மண்ணோ நேர் எதிர். வெளிறிய நிறம், இறுகிய அடிமண், தண்ணீர் லேசில் வடியாது.

பொந்தியான் பக்கம் போனால் கதையே வேறு. அன்னாசி விளையும் அந்த 'தானா கம்புட்', பாதி மக்கிய செடிகொடிகளால் ஆனது. கால் புதையும் அளவுக்கு மெத்தென்று இருக்கும், புளிப்புத் தன்மை மிக அதிகம், உள்ளே மக்காத மரவேர்கள் கிடக்கும். மேற்குக் கரையோரத்தில் பிசுபிசுக்கும் கடற்களிமண்ணும் உண்டு.

தாமான் வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் பொருந்தாமல் போகலாம். வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்துவிட்டு வேறு மண் கொட்டிச் சமப்படுத்தியிருப்பார்கள். உள்ளே உடைந்த செங்கல், சிமெண்டுக் கட்டி, சரளைக்கல் எல்லாம் இருக்கும். அதனால் எதையும் வாங்கும் முன் பக்கத்து வீட்டில் ஒரு சங்குல் கடன் வாங்கி, ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டிப் பாருங்கள். 'டங்' என்று சத்தம் வருகிறதா, இலையில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறதா, வேர் தடுக்கிறதா? பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

ஏன் சங்குல்?

யூடியூப்பில் வரும் இங்கிலாந்து, அமெரிக்கத் தோட்டக்காரர்கள் பெரும்பாலும் ஸ்பேட் பிடித்திருப்பார்கள். அது தள்ளும் கருவி. காலால் மிதித்து மண்ணுக்குள் இறக்கி, மண்ணைத் தூக்கிப் போட வேண்டும். கனமான பூட்ஸ் வேண்டும், சரளை இல்லாத மண் வேண்டும். செலிப்பார் போட்டுக்கொண்டு அதை மிதித்துப் பாருங்கள், தெரியும்!

சங்குல், அதாவது நம் தாத்தா பாட்டி சொன்ன மண்வெட்டி, இழுக்கும் கருவி. தன் எடையிலேயே மண்ணுக்குள் இறங்கும். வெட்டிய மண்ணை உங்கள் பக்கம் இழுத்துக் குவிக்கும். இந்த ஊர்த் தோட்டத்துக்கு அதுதான் தேவை. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, தரையோடு தரையாக நட்ட கீரை அழுகிப்போகும். காய்கறிக்கு மண்ணைக் குவித்து ஒரு சாண் உயரத்துக்காவது மேட்டுப்பாத்தி போட வேண்டும், நடுவே வடிகால் வெட்ட வேண்டும். வெட்டுவது, இழுப்பது, குவிப்பது, வாய்க்கால் எடுப்பது, ஓரத்துக் களையைச் சுரண்டுவது என எல்லாமே ஒரே இலையால் முடியும். எஸ்டேட் லயத்துக் கொல்லையில் கீரையும் மரவள்ளியும் போட்டவர்கள் பெட்டி நிறையக் கருவி வைத்துக்கொள்ளவில்லை. ஒரு சங்குல், ஒரு பாராங்கை வைத்தே சமாளித்தார்கள்.

இலையைப் பொறுத்தவரை, சரளைக்கும் இறுகிய மண்ணுக்கும் குறுகலான, கனமான இலை நல்லது. சிகாமட் செம்மண், கம்புட் போன்ற இளகிய மண்ணுக்கு அகலமான, லேசான இலை வேலையை விரைவாக முடிக்கும். கம்புட்டில் வேரை அறுக்கப் பாராங்கும் கூடவே வேண்டும். களிமண்ணுக்கு மட்டும் இரண்டாவதாக ஒரு பெரிய முள்கரண்டி வாங்குவேன். இலையைப் போல அது களியை வழுவழுப்பாக அழுத்தி மூடாது, உடைத்துப் பிரிக்கும். ஆனால் ஈரக் களிமண்ணை எந்தக் கருவியாலும் கிண்டாதீர்கள். கைப்பிடி மண்ணை உருட்டிப் பார்த்து, உருண்டை உடையாமல் பளபளத்தால் அன்றைக்கு வேலை இல்லை.

கடையில் பெயிண்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். இலையும் காம்பு நுழையும் வளையமும் சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். அந்த இடம் தடித்து, ஒரே இரும்பாக இருந்தால் நீண்ட நாள் உழைக்கும். இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் பற்றவைத்திருந்தால் அங்கேதான் பிய்யும். மரக் காம்பில் நாரோட்டம் நெடுக ஓட வேண்டும்; குறுக்கே ஓடினாலோ, முடிச்சு இருந்தாலோ ஒரு நாள் பாதியில் முறியும். இதனால்தான் பெயிண்ட் அடித்த காம்பு எனக்குப் பிடிக்காது. அதில் எதையும் பார்க்க முடியாது.

காம்பின் நீளமும் ஒரு நீதிமன்றமும்

காம்பு எவ்வளவு நீளம் என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இதற்காக ஒரு வழக்கே நடந்தது. அங்கே லெட்டூஸ், சர்க்கரை பீட்ரூட் வயல்களில் வேலை செய்தவர்களுக்கு ஓரடி, ஒன்றரையடிக் காம்புள்ள களைக்கொத்து கொடுக்கப்பட்டது. ஸ்பானிஷில் அதன் பெயர் 'எல் கோர்த்தித்தோ'. குட்டையானது என்று அர்த்தம். நாள் முழுக்க இரண்டாக மடிந்து வேலை செய்ததில் தொழிலாளர்களின் முதுகெலும்பு பாதிக்கப்பட்டது. மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். நீளக் காம்பு என்றால் பயிர் சேதமாகும் என்பது முதலாளிகளின் வாதம். 1975 ஜனவரியில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தொழிலாளர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து அதே ஆண்டில் அந்தக் குட்டைக் கொத்துக்குத் தடை வந்தது.

வீட்டுத் தோட்டத்தில் யாரும் உங்களை எட்டு மணி நேரம் குனியச் சொல்லப் போவதில்லை. ஆனாலும் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். இலையை ஓரடி முன்னால் தரையில் வைத்து, இரண்டு கையாலும் காம்பைப் பிடியுங்கள். முதுகு லேசாகச் சாய்ந்தால் சரி. இடுப்பிலிருந்து மடிய வேண்டியிருந்தால் நீளமான காம்பு கேளுங்கள். காம்பைத் தனியாகவும் விற்பார்கள். வெட்டும்போது தலைக்கு மேல் ஓங்க வேண்டாம். நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, எடையை விழ விட்டு, பிறகு இழுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் இருக்கும் கையையும் காலையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கூர் போனால் வேலை இரட்டிப்பு

புதுச் சங்குலின் முனை பெரும்பாலும் மழுங்கலாகத்தான் வரும். கூடவே ஒரு தட்டை அரம் வாங்கிவிடுங்கள். இலையை அசையாமல் பிடித்து, ஏற்கெனவே சரிவு இருக்கும் பக்கத்தில் மட்டும் தேயுங்கள். அரம் தள்ளும்போதுதான் வெட்டும். திரும்ப இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். கத்தி மாதிரி கூர் வேண்டாம், கல்லில் பட்டால் பல் பல்லாக உடையும். வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவித் துடைத்து, பழைய சமையல் எண்ணெய் கொஞ்சம் தடவி, தொங்கவிடுங்கள். நம் ஈரக்காற்றில், அதுவும் கம்புட் மாதிரி புளிப்பு மண்ணில், ஒரே இரவில் துரு பிடிக்கத் தொடங்கும்.

நாற்று நட ஒரு கைக்கரண்டி, மிளகாயும் வெண்டையும் அறுக்க ஒரு கத்தரி. மற்றது எல்லாம் தேவை வந்தபோது வாங்கலாம். பூவாளி வாங்கினால் வேலை முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். வாளியின் அடியில் நிற்கும் தண்ணீரே அதற்குத் தாராளம்.

கால் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்

சங்குலின் இலை உங்கள் முழங்காலை நோக்கித்தான் வரும். அதை செலிப்பாரோடு பிடிப்பது ஆபத்து. வெட்டு மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத கீறலும் பிரச்சினைதான். நம் நாட்டு மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியோய்டோசிஸ் நோயைத் தரும் பாக்டீரியா இருக்கிறது. அது தோல் கீறல் வழியாக உள்ளே போகலாம். எலியின் சிறுநீர் கலந்த ஈர மண்ணிலிருந்து எலிக்காய்ச்சலும் வரலாம். நீரிழிவு உள்ளவர்களை மெலியோய்டோசிஸ் அதிகம் தாக்குகிறது, உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். காலையில் வெறுங்காலோடு கீரைக்குத் தண்ணீர் ஊற்றும் அம்மாவோ அப்பாவோ அந்த ஒருவராக இருக்கலாம்.

ஆகவே முதல் சங்குலோடு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும் வாங்குங்கள். 'புவா சூ காங் பூட்ஸ்' என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள், அந்த மஞ்சள் நிறத்தில். காலிலோ கையிலோ புண் இருந்தால் ஆறும்வரை மண் வேலை வேண்டாம். துருப்பிடித்த இரும்பு குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கிளினிக்கில் கேளுங்கள். தோட்ட வேலைக்குப் பிறகு வரும் நாள்களில் காய்ச்சல் வந்து விடாமல் இருந்தால், மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். "மண்ணில் வேலை செய்தேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். எந்த ரத்தப் பரிசோதனை எடுப்பது என்று அவர் முடிவு செய்ய அந்த ஒரு தகவல் உதவும்.