தாடைத் திருத்தச் சத்திர சிகிச்சை

மேற்பல் வரிசையும் கீழ்ப்பல் வரிசையும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்றலாலேயே நாம் உணவைக் கடித்து மென்று உண்கின்றோம். சிலருக்கு இப்பொருத்தம் அமைவதில்லை. கீழ்த்தாடை மிக வளர்ந்து முன்னே நீண்டிருக்கும். அல்லது வளர்ச்சி குன்றிப் பின்னே ஒடுங்கியிருக்கும். வேறு சிலருக்குக் கடைவாய்ப் பற்கள் கூடியபோதும் முன்பற்கள் கூடா. பற்கள் மட்டும் கோணியிருப்பின் கம்பி கட்டி நேராக்கலாம். என்பே அளவிற் பிழைத்திருப்பின், அதனை வெட்டி உரிய இடத்திற் பொருத்துதல் வேண்டும். இதனை அழகு கருதிய ஆடம்பரமென எண்ணுதல் தவறு. மெல்லுதலும், தெளிவுற உச்சரித்தலும், சிலருக்கு உறக்கத்தில் தடையின்றி மூச்சுவிடுதலும் இதனாற் சீர்பெறும்.

1849 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வீலிங் நகரில், சைமன் ஹலிஹென் என்பார் தீக்காயத் தழும்பு இழுத்தமையால் தாடை நீண்டிருந்த ஓர் இளம்பெண்ணுக்கு இத்தகைய சிகிச்சை செய்தார். 1901 இல் பிரெஞ்சு வைத்தியர் றெனே லெ போர், மேற்றாடை அடிபட்டால் எக்கோடுகளில் உடையும் என்பதை ஆராய்ந்து வெளியிட்டார். இன்று மேற்றாடையை வெட்டும் முறை அவர் பெயராலேயே வழங்குகின்றது. கீழ்த்தாடை என்பை வாயினுள்ளிருந்தே நெடுக்காகப் பிளந்து நகர்த்தும் முறையை ஹூகோ ஒப்வெகெசர், ட்ரவுனருடன் சேர்ந்து 1957 இல் ஆங்கிலத்தில் விளக்கினார். வெட்டு வாயினுள்ளே அமைவதால் முகத்திற் பெருந்தழும்பு தோன்றுவதில்லை.

இச்சிகிச்சையை நாடுவோர் முதற்கண் அறியவேண்டியது, சத்திரம் தொடும் நாள் நெடுவழியின் நடுவிடமே என்பதாகும். வளர்ச்சி முற்றுப்பெறும்வரை பெரும்பாலும் காத்திருத்தல் வேண்டும். பின்னர் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுவரை பற்களுக்குக் கம்பி கட்டப்படும். இக்காலத்திற் பற்பொருத்தம் முன்னிலும் மோசமாகத் தோன்றலாம். தாடையின் குறையை மறைக்கப் பற்கள் தாமாகவே சாய்ந்திருந்தன. அவற்றை நிமிர்த்தவே உண்மைக் குறை வெளிப்படுகின்றது. இதனை அறியாது மனந்தளர்ந்து சிகிச்சையை இடையிற் கைவிடுவோர், தொடங்கிய நிலையினும் தாழ்ந்த நிலையில் நின்றுவிடுவர்.

சத்திர சிகிச்சை முழு மயக்கத்தில் நடைபெறும். நகர்த்திய என்பு தைற்றேனியத் தகடுகளாலும் திருகாணிகளாலும் இறுக்கப்படும். முற்காலத்தில் இரு தாடைகளையும் கம்பியால் வாரக்கணக்கிற் பிணைத்து வைத்தனர். இன்று பெரும்பாலும் சிறு இறப்பர் வளையங்களே போதும்.

முகவீக்கம் முதல் இரண்டு மூன்று நாட்களில் ஏறி, பின்னர் வாரந்தோறும் தணியும். எஞ்சிய சிறு வீக்கம் மறையச் சில மாதங்களாகும். என்பு ஓரளவு கூட ஆறு வாரங்கள் வேண்டுமாதலால், முதலில் நீராகாரமும், பின்னர் மெல்ல வேண்டாத குழைந்த உணவுமே உண்ணல் வேண்டும். உடல் சிறிது மெலியும். புகைத்தல் காயம் ஆறுவதைத் தடுக்கும். பின்னரும் பற்களைச் செவ்வனே பொருத்தப் பல மாதங்கள் கம்பி தேவைப்படும்.

மறைத்தற்கியலாத ஓர் இடரும் உண்டு. கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி தரும் நரம்பு கீழ்த்தாடை என்பினூடே செல்கின்றது. ஆதலின் கீழ்த்தாடைச் சிகிச்சையின்பின் அவ்விடங்கள் மரத்திருத்தல் வழக்கம். பலருக்கு மாதங்கள் செல்ல உணர்ச்சி மீளும். சிலருக்கு முற்றாக மீள்வதில்லை. உதட்டின் அசைவு இதனாற் கெடுவதில்லை. எனினும் சம்மதப் பத்திரத்திற் கையொப்பமிடுமுன் இதனை வைத்தியரிடம் வெளிப்படையாகக் கேட்டறிதல் கடன்.

வீங்கிய தன் முகத்தைக் கண்ணாடியிற் காண்பவர், பிழை செய்துவிட்டோமோ எனச் சில நாள் ஏங்குதலும் இயல்பே. அந்நாட்களில் வீட்டார் முகத்தைக் குறித்துத் தீர்ப்புக் கூறாது, கஞ்சியை ஆற்றிக் கொடுத்து அருகிருத்தல் பேருதவியாம். வரப்போவதை முன்னரே அறிந்தவர் அவ்வேக்கத்தையும் வீக்கத்தைப் போலவே தணிவதொன்றெனப் பொறுத்திருப்பர்.