டிராம் பெட்டி வீடுகள்

வண்டி பழுதடைந்தால் அதனை உடைத்து விற்பதே வழக்கம். ஆயினும் அதன் பெட்டி ஒரு குடும்பம் வாழும் வீடாகவும் ஆகக்கூடும். அமெரிக்காவிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரம் இதற்கு ஓர் உதாரணம்.

அங்கே கேபிள் டிராமும் மின்சார டிராமும் வந்தபின், குதிரைகள் இழுத்த டிராம் வண்டிகள் பயனற்றுப் போயின. 1895-ஆம் ஆண்டில் கம்பெனி அவற்றை விற்க முன்வந்தது. ஆசனங்களுடன் விலை 20 டாலர். ஆசனங்கள் இன்றி 10 டாலர். வாங்கியவர்கள் அவற்றைக் கடற்கரை மணல்மேட்டில் நிறுத்தினார்கள். கூரையும் ஜன்னல்களும் முன்னரே அமைந்திருந்தமையால் செலவு குறைந்தது. சிலர் பெட்டிகளை அடுத்தடுத்து வைத்து, இடைச்சுவரை நீக்கி அறையை விசாலமாக்கினர். சிலர் மேலே அடுக்கி மாடியாக்கினர். ‘கார்வில்’ என்னும் குடியிருப்பு இவ்வாறு எழுந்தது. 1906-ஆம் ஆண்டுப் பூகம்பத்திற்குப் பின் அது மேலும் வளர்ந்தது.

ஆனால் நகரம் கடற்கரைவரை பரவி மனைகளின் மதிப்பு உயர்ந்ததும், பழைய பெட்டிகள் இழிவாகக் கருதப்பட்டன. 1913-ஆம் ஆண்டில் சில பெட்டிகள் கொண்டாட்டமாகவே கொளுத்தப்பட்டன. பெட்டிகளை உள்ளடக்கி நிலையான கட்டடமாக எழுப்பிய வீடு ஒன்று மட்டும் நெடுங்காலம் நிலைத்து நின்றது.

பழைய பெட்டி கூரையைத் தரும், நிலவுரிமையைத் தராது. ஆகையால் பழைய பஸ் கூட்டினைக் கொண்டு தறிக்கூடமோ அறையோ அமைக்க எண்ணும் அங்கத்தினர்கள், மனைப் பத்திரத்தையும் கட்டட அனுமதியையும் முதலில் உறுதி செய்துகொள்க. துருப்பிடியாதிருக்கக் கூட்டினைத் தரைக்கு மேலே உயர்த்தி நிறுத்துக. இரும்பு வெயிலில் சூடேறுமாதலால் அதன்மீது கீற்று வேய்தலும் நன்று.