கணினிச் செயலியின் விரைவும் வரம்பும்

கணினியின் செயலி கடிகாரத் துடிப்பின் ஒழுங்கில் இயங்குவது. ஆக்கியோர் விதித்த துடிப்பினை மிகுவித்தலை ஓவர்குளொக்கிங் என்பர். 1998இல், 300 மெகாஹேர்ட்சுக்கென வெளிவந்த இன்டெல் செலரோன் 300ஏ செயலியைப் பலர் 450 மெகாஹேர்ட்சில் இயக்கினர்.

உயர்ந்த துடிப்பில் செயலி நிலைத்து இயங்க, மின்னழுத்தத்தையும் கூட்ட நேரும். இயக்க வெப்பமோ துடிப்பிற்கும், மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கும் நேர்விகிதசமமாகும். ஆகவே துடிப்பு 20 வீதமும் அழுத்தம் 10 வீதமும் கூடின், வெப்பம் ஏறத்தாழ 45 வீதம் மிகும். காற்றாடி, சூழ்ந்த காற்றினும் குளிராகச் செயலியை ஆக்க வல்லதன்று. ஆதலின் வெம்மை மிகுந்த இரத்தினபுரி, கேகாலைத் தாழ்நிலத் தோட்டப் பாடசாலைகளில் இடர் பெரிதாகும்.

கணினி நின்றுவிடுதல் சிறு தீங்கே. நில்லாது பிழையான விடை தருதலே பெருந்தீங்கு. மாணவர் புள்ளிப் பட்டியலில் அவ்வாறு புகுந்த பிழையை எவர் காண்பார்? பலருக்கும் பொதுவான கணினிக்கு விரைவினும் நம்பகமே வேண்டற்பாலது.