துண்டு போட்டால் இடம் கிடைக்காது

பாசஞ்சர் வண்டியில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்தவர்கள் நாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷ் நகரில் அந்த வித்தை பலிக்காது. 1970இல் அந்த ஊருக்கு வந்த விமானத் திருவிழா, இப்போது ஜூலைக் கடைசியில் ஒரு வாரம் நடக்கிறது. கூடுவோர் பல லட்சம். கூடாரம் அடித்துத் தங்குவோர் பல்லாயிரம்.

சொந்தச் சிறு விமானத்தில் வருகிறவர்கள் ரிப்பன் என்ற ஊரிலிருந்து ஃபிஸ்க் வரை, கீழே ஓடும் ரயில் தண்டவாளத்தைப் பார்த்தபடியே வரிசையாகப் பறந்து வருகிறார்கள். ரயில்வேக்காரனுக்கு இதைவிடப் பெருமை வேறென்ன! இறங்கியதும் ஊழியர் கைகாட்டும் இடத்தில் விமானத்தைக் கட்டி, இறக்கையருகே கூடாரம் போட வேண்டியதுதான்.

காரில் வருகிறவர்களுக்குத் தனி மைதானம். பெரும்பாலும் முந்தியவருக்கே இடம். சில வாரங்கள் முன்பே வந்து பிடிக்கலாம். ஆனால் பிடித்த நாள் முதல் வாடகை கட்ட வேண்டும்.

எல்லோரும் வாசலுக்கு அருகில்தான் தேடுவார்கள். நான் முதலில் தரையின் சரிவைப் பார்க்கச் சொல்வேன். பாதை போடுகிறவன் முதலில் கேட்பது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைத்தான். 2010இல் விழாவுக்கு முன் கொட்டிய மழையில் மைதானமே சேறாகி, வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்ப நேர்ந்தது.

ஆகவே, பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் அன்பர்கள் அங்கே தங்குவதானால், பத்து நிமிடம் கூட நடந்தாலும் மேட்டு நிலமாகவே பிடியுங்கள். பேரக்குழந்தைகள் நனையாமல் தூங்குவார்கள்.