பிழைச் செய்தியிற் புகுந்த பிழை

கணினிக்கு நிரல் எழுதுவோர், தாம் எழுதியதைப் பொறி விளங்கும் மொழிக்கு மாற்றுதற்குக் கம்பைலர் எனப்படும் மென்பொருளின் துணையை நாடுவர். நிரலிற் குற்றம் இருப்பின், எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில், என்ன குற்றம் என்பதைக் கம்பைலர் எடுத்துரைக்கும். பயிலும் மாணவனுக்கு அச்செய்தியே ஆசான். அந்த ஆசானின் சொல்லே சிதைந்து வருமாயின் மாணவன் என் செய்வான்?

1987ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த ஜி.சி.சி. என்னும் கம்பைலர், ஒரு மாறியின் பெயரைச் சுட்டும்போது அதன் இருமருங்கும் வளைந்த மேற்கோட் குறிகளை இடுவதுண்டு. கட்டளைத் திரையிற் செவ்வனே தோன்றும் அக்குறிகள், உரைதிருத்தியின் பிழைப் பட்டியலில் வேறு கோலங் கொள்ளும். முடிவு மேற்கோட் குறி நிற்கவேண்டிய இடத்திற் கூரையிட்ட இலத்தீன் எழுத்தொன்றும், யூரோ நாணயக் குறியும், வணிகக் குறியும் வரிசையாக நிற்கும். புதிதாகப் பயில்வோர் தம் கோப்பே பழுதுற்றதெனக் கலங்கி, நல்ல வரிகளை அழித்தெழுத முற்படுவர். பழுது கோப்பில் அன்று, வாசிப்பிலேயே ஆகும்.

இதற்குக் காரணம் யாது? கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். 1963ஆம் ஆண்டில் வெளியான ஆஸ்கி அட்டவணை 128 இடங்களே உடையது. வளைந்த மேற்கோட் குறிக்கு அதில் இடமில்லை. பின்னர் வந்த யுனிகோட், உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்க முற்பட்டது. அவ்வெண்களைப் பைற்றுகளாக எழுதும் யூ.ரி.எவ்.-8 என்னும் முறையைக் கென் தொம்சனும் ரொப் பைக்கும் 1992இல் வகுத்தனர்.

அம்முறையில் முடிவு மேற்கோட் குறி 226, 128, 153 என்னும் மூன்று பைற்றுகளாகும். கம்பைலர் அவற்றை அனுப்புகிறது. எந்த அட்டவணைப்படி வாசிக்க வேண்டுமென்பதை உடன் அனுப்புவதில்லை. உரைதிருத்தி விண்டோஸ்-1252 என்னும் பழைய அட்டவணையைக் கொண்டிருப்பின், ஒவ்வொரு பைற்றையும் தனியோர் எழுத்தென எண்ணிவிடும். அவ்வட்டவணையில் 226 கூரையிட்ட எழுத்து; 128 யூரோக் குறி; 153 வணிகக் குறி. தமிழ் அகரமும் யூ.ரி.எவ்.-8 முறையில் 224, 174, 133 என மூன்று பைற்றுகளே. தமிழ் மின்னஞ்சல்கள் சில பொருளற்ற இலத்தீன் எழுத்துக் குவியலாகக் காட்சியளித்தமையும் இதனாலேயே.

நோய்க்குறியை நோக்கின் நோயை அறியலாம். ஓர் எழுத்து இரண்டு மூன்றாகப் பெருகினால், யூ.ரி.எவ்.-8 உரை பழைய அட்டவணைப்படி வாசிக்கப்பட்டது என்க. கரிய சாய்சதுரத்துள் வினாக்குறி தோன்றினால், பழைய அட்டவணையில் எழுதப்பட்டது யூ.ரி.எவ்.-8 என வாசிக்கப்பட்டிருத்தல் கூடும். வெறும் வினாக்குறியே நின்றால், மாற்றத்தின்போதே எழுத்து தொலைந்திருக்கலாம். அங்ஙனமாயின் அதனை மீட்டல் அரிது.

பரிகாரம் இருவகைத்து. முதலாவது, கம்பைலரின் செய்தியை யூ.ரி.எவ்.-8 ஆக வாசிக்குமாறு உரைதிருத்தியைப் பணித்தல். விம் என்னும் உரைதிருத்தியில் இதற்கென மேக்என்கோடிங் என்னும் அமைப்பு உண்டு. இரண்டாவது, எல்.சி. ஆல் என்னும் சூழல் மாறிக்குச் சி என்னும் மதிப்பை அளித்துக் கம்பைலரை இயக்குதல். அப்போது செய்தி எளிய ஆங்கிலத்தில் வரும். வளைந்த குறிகளுக்குப் பதிலாக ஆஸ்கியில் உள்ள நேர்க்குறிகளே வரும். முன்னையது வாசிப்போனைத் திருத்துவது. பின்னையது பேசுவோனை எளிய மொழியிற் பேசச் செய்வது. பிறமொழிப் பெயர்களும் செய்தியில் வருமாதலின் முன்னையதே நிலையான வழி எனலாம்.

எவ்வாறாயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நிரற் கோப்பே திரையிற் சிதைந்து தோன்றுமாயின், அட்டவணையைத் திருத்துமுன் அதனைச் சேமித்தல் ஆகாது. சிதைந்த உருக்களை அப்படியே யூ.ரி.எவ்.-8 முறையிற் சேமித்தால், மூன்று பைற்றுகளாய் இருந்த முடிவு மேற்கோட் குறி எட்டுப் பைற்றுகளாகிவிடும். அதுவரை கண்ணுக்கு மட்டும் தோன்றிய பிழை, அக்கணமே கோப்பினுள்ளும் புகுந்துவிடும். ஆதலின் முதலில் வாசிக்கும் முறையைச் சரிபார்த்து, அதன் பின்னரே எழுதியதைத் திருத்துதல் நன்று.