வெளுத்த பெயின்ட்டுக்கு அடியில்

பல வருடம் வெயிலில் நின்று வெளுத்த பழைய காரின் பானட்டில், விரலைத் தண்ணீரில் தொட்டு ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்ட சிவப்பு மாருதி 800 என்றால், அந்தக் கோடு மட்டும் அசல் சிவப்பில் தெரியும். ஈரம் காய்ந்ததும் மறுபடி ரோஸ். சாயமே போயிருந்தால் தண்ணீரால் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. எனவே பட்டறையில் "பெயின்ட் செத்துப்போச்சு சார், புல்லா அடிச்சிரலாம்" என்று சொன்னால் உடனே தலையாட்டிவிட வேண்டாம். பெரும்பாலான பழைய வண்டிகளில் செத்திருப்பது மேலே உள்ள சில மைக்ரான் மட்டுமே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

தண்ணீர் அங்கே என்ன செய்தது? ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது எல்லையிலேயே ஒரு பங்கு திரும்பிவிடும். எவ்வளவு திரும்பும் என்பது இரண்டின் ஒளிவிலகல் எண்களும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. காற்றுக்கு 1, பெயின்ட்டில் உள்ள பிசினுக்குச் சுமார் 1.5. நேராக விழும் ஒளியில் 4 சதவீதம் உள்ளே போகாமலே திரும்பும். புதுக் காரிலும் இதே 4 சதவீதம்தான். ஆனால் அங்கே பரப்பு வழவழப்பாக இருப்பதால், திரும்பும் ஒளி மொத்தமும் ஒரே பக்கம் போய்விடுகிறது. பளபளப்பு என்று நாம் சொல்வது அதைத்தான். வேறு கோணத்தில் நிற்பவருக்கு, உள்ளே போய் நிறமியில் பட்டு வந்த ஒளி மட்டுமே கிடைக்கும். நிறம் ஆழமாகத் தெரியும். பரப்பு கரடுமுரடாகிவிட்டால் அந்த 4 சதவீத வெள்ளொளி எல்லாப் பக்கமும் சிதறி நிறத்தோடு கலந்துவிடும். சிவப்பில் வெள்ளை கலந்தால் ரோஸ், கறுப்பில் கலந்தால் சாம்பல். வெள்ளை அம்பாசடர் எத்தனை வருடம் வெயிலில் நின்றாலும் அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காததற்கும், கறுப்பு வண்டி சீக்கிரம் மானத்தை வாங்கிவிடுவதற்கும் இதுதான் காரணம்.

தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. அது பள்ளங்களை நிரப்பியதும், தண்ணீருக்கும் பிசினுக்கும் இடையில் திரும்பும் ஒளி 0.4 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. சிதறல் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் நிறம் மேலே வராமல் என்ன செய்யும்? ஆற்றில் நனைந்து கிடக்கும்போது மின்னிய கூழாங்கல் வீட்டு அலமாரியில் சாம்பலாகத் தெரிவதும் இதே கணக்குதான். டீசலிலோ மண்ணெண்ணெயிலோ தோய்த்த துணியால் வண்டியைத் துடைக்கும் பழைய டிரைவர்களின் பழக்கமும், விற்கும் நாளன்று மட்டும் எண்ணெய் தடவிப் பளபளக்கும் செகண்ட் ஹேண்ட் வண்டியும் இதே இயற்பியலை நம்பியவைதான். தண்ணீர் ஒரு நிமிடத்தில் காயும், எண்ணெய்க்குக் கொஞ்ச நாளாகும், அவ்வளவுதான் வித்தியாசம். போதாததற்கு எண்ணெயில் தூசியும் ஒட்டும். வண்டி வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் ஷாம்பு கையோடு கொண்டுபோனால் நல்லது.

சரி, பரப்பு ஏன் கரடுமுரடாகிறது? பெயின்ட் என்பது நிறமித் தூளும் அதைப் பிடித்துவைக்கும் பிசினும்தான். தின்னர் அடித்த அன்றே பறந்துவிடும். பிசின் நீளமான கார்பன் சங்கிலிகளால் ஆனது. இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பை அறுக்க மோலுக்குச் சுமார் 350 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். 300 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரிடம் மோலுக்குச் சுமார் 400 கிலோஜூல் இருக்கிறது. ஓசோன் படலம் 290 நானோமீட்டருக்குக் கீழே உள்ளவற்றை மேலேயே நிறுத்திவிடுகிறது. மிச்சம் பானட்டுக்கு.

ஒரு பிணைப்பு அறுந்தால் கதை அதோடு முடிவதில்லை. அறுந்த முனை காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துச் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும். இப்போது அந்தச் சங்கிலியில் ஒரு முனை அந்தரத்தில் நிற்கும். அது அடுத்ததைத் தேடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆல்கைடு எனாமல் என்ற பழைய வகைப் பெயின்ட்டில் தாவர எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் இருக்கும். அந்தப் பெயின்ட் காய்ந்து கெட்டியாவதே ஆக்சிஜனோடு நடக்கும் இதே வகை வினையால்தான். காயவைத்த வினை நிற்கத் தெரியாமல் தொடர்ந்து, கடைசியில் பெயின்ட்டையே தின்கிறது. கறுத்த பானட் நடுப்பகல் வெயிலில் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும். வேதிவினைக்கு அது கொண்டாட்டம்.

பிசின் இப்படி நொறுங்கி மழையிலும் பனியிலும் கழுவப்பட்டுப் போக, பிடிமானமில்லாத நிறமித் தூள் மேலே நிற்கிறது. பழைய வண்டியைத் தொட்டால் விரலில் ஒட்டும் தூள் அதுதான். வெள்ளைப் பெயின்ட்டில் நிறமியே கூட்டாளியாகிவிடும். டைட்டானியம் டைஆக்சைடு புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு பக்கத்திலுள்ள கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றம் செய்யக்கூடியது. அகிரா புஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் இந்தப் பொருளின் மேல் ஒளி பாய்ச்சித் தண்ணீரைப் பிளக்க முடியும் என்று 1972இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். பெயின்ட் கம்பெனிகளுக்கு அதன் குணம் அதற்கு முன்பே வேறு வழியில் தெரியும்; வெள்ளைச் சுவர்கள் தூள் விட்டுக்கொண்டிருந்தன. இப்போது அந்த நிறமியின் ஒவ்வொரு துகளுக்கும் சிலிக்கா, அலுமினா உறை போட்டே விற்கிறார்கள்.

இந்தச் சேதம் ஆழமாகப் போவதில்லை என்பதில்தான் நமக்கு நம்பிக்கை. மேலே உள்ள நிறமியே புற ஊதாக் கதிரை விழுங்கி, கீழே உள்ளதற்கு நிழல் கொடுத்துவிடுகிறது. தமிழ்நாட்டில் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை நேர் உச்சிக்கு வருவதால் கூரையும் பானட்டும் டிக்கி மூடியும்தான் அதிகம் அடி வாங்குகின்றன. அதே காரின் கதவு பாதி மானத்தோடு நிற்கும். நம்பர் பிளேட்டைக் கழற்றினால் அடியில் கம்பெனியிலிருந்து வந்த நாளின் நிறம் இருக்கும்.

செத்த மேல்படலத்தை மட்டும் தேய்த்து எடுத்தால் போதும். தேய்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது, வண்டியில் இருப்பது எந்தப் பெயின்ட் என்பதை. 1920களின் தொடக்கம் வரை கார் பெயின்ட் காய வாரக்கணக்கில் ஆகும். டூபான்ட் நிறுவனத்தின் டியூகோ, 1924ஆம் ஆண்டு மாடல் ஓக்லாண்ட் கார்களில் ஏறியபோது அது மணிக்கணக்காகக் குறைந்தது. துப்பாக்கி மருந்துக்கு உறவான நைட்ரோசெல்லுலோஸ்தான் அதன் அடிப்படை. நம் ஊர்ப் பட்டறைகளில் டியூகோ என்ற பெயர் இன்னும் புழங்குகிறது. இந்த வகைப் பெயின்ட் ஸ்பிரே கன்னிலிருந்து வந்தவுடன் கண்ணாடியாக மின்னாது. காய்ந்தபின் ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்த்தால்தான் மினுக்கம் வரும். அப்படியானால் பழைய காரைக் கையால் தேய்ப்பவர், அன்று பெயின்ட்டர் செய்த கடைசி வேலையை மறுபடி செய்கிறார்.

பெருங்களத்தூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, குர்லாவின் பத்மினி, பழைய அம்பாசடர், சேத்தக் ஸ்கூட்டர் ஆகியவற்றில் பெரும்பாலும் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருக்கும். பின்னால் வந்த வண்டிகளில் நிறத்துக்கு மேல் நிறமில்லாத கிளியர் கோட் தனியாக உண்டு. கண்டுபிடிக்க எளிய வழி, தெரியாத மூலையில் வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் தொட்டுத் தேய்ப்பது. துணியில் வண்டியின் நிறம் ஏறினால் ஒற்றைப் பூச்சு. ஏறாவிட்டால் கிளியர் கோட். கிளியர் கோட் மங்கியிருந்தால் மட்டும் பாலிஷ் உதவும். பாம்புச் சட்டை உரிவதுபோல் தோல் தோலாகக் கிளம்பியிருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் கை வலிதான் மிச்சம்.

தேய்ப்பதால் ஏன் பளபளப்பு வருகிறது என்ற கேள்விக்கு வயது முந்நூறுக்கு மேல். 1704இல் வெளிவந்த ஆப்டிக்ஸ் நூலில் நியூட்டன், பாலிஷ் என்பது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுணுகிப்போன கீறல்களே என்ற கருத்தைச் சொன்னார். 1937இல் பவுடன், ஹியூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வேறொன்றைக் காட்டினார்கள். கற்பூரம் 178 டிகிரியில் உருகும். சுமார் 70 டிகிரியில் உருகும் உட்ஸ் உலோகம் என்ற கலவையை அது பாலிஷ் செய்தது, 232 டிகிரியில் உருகும் வெள்ளீயத்திடம் அதன் வேலை பலிக்கவில்லை. உரசும் புள்ளியில் பிறக்கும் சூட்டில் பரப்பு இளகி வழிகிறது என்பது அவர்கள் வாதம். கார் பெயின்ட்டைப் பொறுத்தவரை நான் நியூட்டன் பக்கம். ஆனால் பவுடனும் ஹியூஸும் சொன்ன சூட்டை மறக்கக் கூடாது. நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு சூட்டில் இளகும். நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் சுற்றும் பஃபிங் மெஷின் ஓரங்களில் கொஞ்சம் நின்றுவிட்டால் தகரம் தெரிந்துவிடும். கைக்கு அந்த வேகம் கிடையாது. பழைய பெயின்ட்டுக்குக் கையே பாதுகாப்பு என்று சொல்வதன் காரணம் இதுதான். கைவேலைப் பெருமை கொஞ்சம் கலந்திருக்கலாம்.

அளவுகளைப் பார்த்தால் எச்சரிக்கை வரும். கம்பெனிப் பெயின்ட்டின் மொத்தக் கனம், பிரைமரையும் சேர்த்து, பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். இரண்டு தலைமுடிகளின் தடிமன்தான். 2000 நம்பர் வாட்டர் பேப்பரின் துகள் சுமார் 10 மைக்ரான். ரப்பிங் காம்பவுண்டில் சில மைக்ரான், நைஸ் பாலிஷில் அதைவிடவும் குறைவு. மேடு பள்ளம் ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே, அதாவது 0.1 மைக்ரானுக்கும் கீழே, போய்விட்டால் ஒளிக்கு அது வழவழப்பு. ஆகவே கேட்க வேண்டியது எவ்வளவு பலமாகத் தேய்க்கலாம் என்பதை விட, எவ்வளவு குறைவாகத் தேய்த்தால் போதும் என்பதே. எடுத்தது திரும்பி வராது.

வேலை இப்படிப் போகும். நிழலில் நிறுத்தி, தகரம் கைக்குக் குளிர்ந்தபின் நன்றாகக் கழுவ வேண்டும். ஒரு மணல் துகள் துணிக்கு அடியில் மாட்டினால் பானட் முழுக்கக் கோடு. மடிப்புகளிலும் ஓரங்களிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட வேண்டும், பெயின்ட் மெல்லியதாக இருப்பது அங்கேதான். ஒரு சதுர அடிக்கு மேல் ஒரே தடவையில் எடுக்க வேண்டாம். நாலாக மடித்த பழைய பருத்தித் துணியில் நெல்லிக்காய் அளவு காம்பவுண்டு. விரல் நுனியால் அழுத்தாமல் உள்ளங்கையைப் பரப்பி, முன்னும் பின்னும் நேர்கோட்டில். வட்டமாகத் தேய்த்தால் விளக்கொளியில் சிலந்திவலை தெரியும். நேர்க்கோடு ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும்.

முதல் பத்து இழுப்பில் துணி கனமாக, சுண்ணாம்புச் சாந்து ஒட்டிய மாதிரி ஆகிவிடும். அது செத்த பெயின்ட். அதே முகத்தில் தொடர்ந்தால் அந்தத் தூளே உப்புத்தாளாகிக் கீறும். மடிப்பை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் துணி தடையில்லாமல் வழுக்க ஆரம்பிக்கும். கைக்குத் தெரியும், காதுக்கும் தெரியும், கரகரப்பு அடங்கிவிடும். துணியில் ஏறும் நிறம் வெளிறியதிலிருந்து அடர்த்தியாக மாறும். அங்கே நிறுத்திவிட வேண்டும். பிறகு நைஸ் பாலிஷ், புதுத் துணி. வாட்டர் பேப்பர் எடுப்பது கடைசி வழி, அதுவும் ஈரத்தோடு மட்டும். பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் ஈயம் கலந்த நிறமிகள் இருந்திருக்கக்கூடும். உலர் தேய்ப்பில் பறக்கும் தூள் மூச்சுக்குள் போகும். பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016இல் இந்தியாவில் வந்த விதி வீட்டுப் பெயின்ட்டுக்கும் அலங்காரப் பெயின்ட்டுக்கும்தான்.

மெட்டாலிக் நிறத்தில் ஒற்றைப் பூச்சு என்றால் கையை அடக்கிக்கொள்வது நல்லது. உள்ளே இருக்கும் அலுமினியச் செதில்கள் வெளியே வந்துவிட்டால் திட்டுத்திட்டாகும். சிவப்பிலும் ஒரு வில்லங்கம். காவி நிறம் தரும் இரும்பு ஆக்சைடு வெயிலுக்கு அசையாது. பளீர்ச் சிவப்பு தரும் கரிம நிறமிகளில் சில உண்மையிலேயே வெளுக்கும். ஈர விரல் வைத்தும் நிறம் வராத இடம் இருந்தால் காரணம் அதுதான்.

கடைசியில் மெழுகு. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகு 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதனால்தான் பானட் சூட்டை அது தாங்குகிறது. மிச்சமிருக்கும் நுண்ணிய கீறல்களை நிரப்பும், தண்ணீரைத் தங்கவிடாது. வெயிலையே தடுத்துவிடும் என்று டப்பாவில் எழுதியிருப்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அத்தனை மெல்லிய படலத்தால் பெரிதாக ஒன்றும் நிற்காது. கிளியர் கோட்டில் புற ஊதாக் கதிரை விழுங்கும் பொருள்களையும், அறுந்த முனைகளைப் பிடித்து அடக்கும் அமீன்களையும் கம்பெனியிலேயே கலந்து தருகிறார்கள். ஒற்றைப் பூச்சுப் பழைய வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை. அதற்கு நிழலும் காற்றுப் போகும் துணி உறையும்தான். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துத் துருவைக் கூப்பிடும்.

தேய்க்கும்போது ஓரத்தில் சாம்பலோ செங்காவியோ எட்டிப் பார்த்தால் பிரைமர் வந்துவிட்டது என்று அர்த்தம். சின்னக் காந்தம் ஒன்றை வைத்துப் பார்ப்பதும் உபயோகமே; ஒட்டாத இடத்தில் அடியில் பட்டி இருக்கிறது, அந்த இடம் ஏற்கெனவே டிங்கரிங் பார்த்தது, பெயின்ட்டும் வேறாக இருக்கலாம். அப்படிப்பட்ட பேனலை மட்டும் பெயின்ட்டரிடம் விடுங்கள். ஷேடு பொருத்த அவரிடம் பானட்டைக் காட்ட வேண்டாம், பெட்ரோல் மூடியின் உட்பக்கத்தைக் காட்டுங்கள்.